பசிதான் செய்தது என்று சொல்லாதீர்கள்



நீளமான பதிவுதான். பாதி வாசித்துவிட்டு கொமண்ட் எழுத இருப்பவர்கள் தயவுசெய்து மீதியையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

மூன்று கிழமையாக எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. கேட்டிருப்பீர்கள். "அந்த மாஸ்டர்ர ஊட்டு விறாந்தையில வெள்ளிக்கிழமை அஸருக்குப் பொறகு பொடியன்மார் சேர்ந்து ரத்தம் குடிக்கிற விளையாட்டு விளையாடுறாங்களாம். ஷைத்தானைக் கூப்பிடுறாங்களாம். கட்டை உருட்டுறாங்களாம்." முள்ளிப்பொத்தானையில் கிளம்பிய வொய்ஸ் கிண்ணியா போய், அங்கிருந்து கட்டாரில் இருக்கும் எங்கள் மச்சானின் போனுக்குப் போய், அவர் அதை எங்களுக்கே அனுப்பி "இது எந்த மாஸ்டர்?" என்று கேட்டார்.

நாங்கள்தான். 'நாங்கள்' என்று எழுதுவது மரியாதைக்கான பன்மை அல்ல. இந்த வீட்டில் கணவன், மனைவி இருவரும் படிப்பிக்கிறோம். மேசையில் ஆறு பிள்ளைகள். எல்லோரும் ஏ/எல் எழுதிவிட்டு, பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் பல்கலைக்கழகக் கடிதத்துக்கும் காத்திருக்கும் 19, 20 வயதுக்காரர்கள். இந்தப் பதிவை எட்டுப் பேரும் இருந்து பேசித்தான் எழுதினோம். எட்டில் சேராத ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றிப் பிறகு.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். மேசையைச் சுற்றி இருந்து கதை பேசுகிறோம். அவ்வளவுதான். ஒருவர் கதைசொல்லி. மற்ற ஒவ்வொருவரும் கதையில் ஒரு ஆளாக இருப்பார்கள். "நீ இப்ப சீனக்குடா எண்ணெய்க் குதத்துப் பக்கம் நிற்கிறாய், இருட்டு, நாய் குரைக்குது, என்ன செய்யப் போறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். தான் செய்வதை அவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்பதற்கு விதி இருக்கிறது. இந்த வகை விளையாட்டு 1974 இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. எங்கள் மேசையில் ஓடுவது 1991 இல் வைட் வூல்ஃப் என்ற கம்பனி வெளியிட்ட வாம்பயர்: த மாஸ்கரேட். அதில் விளையாடுபவர்கள் எல்லோருமே இரத்தக் காட்டேரிகள். ஆம், அது உண்மை. அதை நாங்கள் மறைக்கவில்லை.

புத்தகம் பெரியவர்களுக்கானது, அதையும் மறைக்கவில்லை. அதிலுள்ள பல விடயங்கள் எங்கள் வீட்டு மேசைக்கு ஆகாதவை. அவற்றை எடுத்துவிட்டோம். வெளிநாட்டு நகரத்தை எடுத்துவிட்டு 1942 ஆம் ஆண்டுத் திருகோணமலையை வைத்தோம். ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட அந்தக் காலம். ஊரெல்லாம் இருட்டடிப்பு. வெயில் படாமல் பகலில் ஒளிக்க வேண்டிய ஒருவனுக்குச் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய அந்தப் பெரிய இரும்புக் குதங்களை விட நல்ல இடம் எங்கே? 99 குதங்கள் இன்றைக்கும் நிற்கின்றன, பஸ்ஸில் போகும்போது பார்க்கிறீர்கள். அந்தப் பழைய துறைமுகத்தைப் பற்றி இந்த ஆறு பேரும் தேடி வாசித்த அளவு வரலாற்றை நாங்கள் வகுப்பில் ஒரு தவணை முழுக்கக் கத்தியும் வாசிக்க வைத்ததில்லை.

ஆனால் இந்தப் பதிவு விளையாட்டுக்கு விளம்பரம் அல்ல. சண்டை ஒன்றைப் பற்றியது. சண்டை பசியைப் பற்றியது.

அந்தக் காட்டேரிக்குச் சோறு இல்லை, தண்ணி இல்லை, இரத்தம் மட்டும்தான். விளையாட்டின் உயிரே அந்தப் பசிதான். 1991 இல் அதை ஒரு கணக்காக வைத்திருந்தார்கள். உடம்பில் இத்தனை புள்ளி இரத்தம், சாதாரணமாகப் பத்து, எழும்பினால் ஒன்று குறையும், பலம் பாவித்தால் ஒன்று குறையும், குறைந்தால் போய் நிரப்பிக்கொள்ள வேண்டியது. 2022 இல் எங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த கியூஆர் பெற்றோல் மாதிரி. கிழமைக்கு 4 லீற்றர், ஓடினால் முடியும், முடிந்தால் மீண்டும் வரிசை.

2018 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை மாற்றினார்கள். இரத்தத்தை எண்ணுவதை விட்டுவிட்டுப் பசியை எண்ணத் தொடங்கினார்கள். பூச்சியத்திலிருந்து ஐந்து வரை. எதைச் செய்ய முயன்றாலும் பத்து முகக் கட்டைகள் சிலவற்றை உருட்ட வேண்டும். பசி இரண்டு என்றால் அதில் இரண்டு கட்டை சிவப்பாகிவிடும். நான்கு என்றால் நான்கு சிவப்பு. முயற்சி தோற்று, சிவப்பில் ஒன்று விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் மிருகம் வெளியே வரும். இரண்டு பத்து விழுந்து பிரமாதமாக வென்றாலும், அந்தப் பத்தில் ஒன்று சிவப்பில் இருந்தால் வெற்றியே அசிங்கமாகும். கதவைத் திறக்கப் போனவன் கதவோடு ஆளையும் உடைப்பான். அந்த மிருகத்துக்கு எங்கள் பாஷையில் வேறு பெயர் இருக்கிறது. நஃப்ஸுல் அம்மாரா. அதை விளங்கப்படுத்த எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

இன்னும் ஒரு விதி. பசியை ஒன்று வரை இறக்கலாம். பூச்சியமாக்க வேண்டுமென்றால் ஒரு மனிதனை முழுக்கக் குடித்துக் கொன்றால் மட்டும்தான் முடியும். இந்த ஒரு விதிக்காகவே அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம். ஒருபோதும் முழுசாகத் தீராத ஒரு பசியோடு ஒழுங்காக வாழ்ந்து காட்டு என்கிறது அது.

இனி நடந்ததைச் சொல்கிறோம். போன நோன்புக்கு முந்திய மாதம். கதையில் எங்கள் பிள்ளை ஒருவர் குதத்தடியில் ஒரு வாச்சரைத் தாண்டிப் போக வேண்டும். பசி நான்கு. உருட்டினார். இரண்டு பத்து விழுந்தது, ஒன்று சிவப்பில். கதைசொல்லி சொன்னார்: நீ போய்விட்டாய், ஆனால் வாச்சர் செத்துவிட்டான். உருட்டியவர் கையை விரித்துச் சிரித்தார். "நான் ஒண்டும் செய்யல்ல சேர். பசிதான் செஞ்ச. கட்டையப் பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். நாங்களும்தான். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வாப்பா இரவு வாச்சராக வேலை செய்கிறவர். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் கேட்டார்: "அந்த வாச்சருக்குப் பேர் என்ன?"

கதைசொல்லியிடம் பெயர் இல்லை. பெயர் வைக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு மஃரிபுக்கு முன்னமே மேசையைக் கலைத்துவிட்டோம்.

அடுத்த வெள்ளி வந்ததும் இரண்டு கட்சி. மூன்று பேர் சொன்னார்கள், பசி விதியையே எடுத்துவிடுவோம், அது கதையை இழுக்குது, எந்த நேரமும் சாப்பாட்டுப் பிரச்சினை, எங்களுக்குக் காட்டேரியின் பலம் மட்டும் போதும். மற்ற மூவர் சொன்னார்கள், விதி புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், கட்டை சொன்னால் கட்டை சொன்னதுதான், அதில் எங்கள் பிழை என்ன?

எங்கள் சண்டை இந்த இரண்டு கட்சியோடும்தான். வொய்ஸ் போட்டவரோடு உள்ள சண்டை பிறகு, அது சின்னது.

பசியை எடுத்துவிட்டுப் பலத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்கிறவர்களுக்கு: அது நோன்பில் பசியை எடுத்துவிட்டு சமோசாவை மட்டும் வைத்துக்கொள்வது. சிரிக்காதீர்கள், நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ரமழானில்தான் எங்கள் வீடுகளில் சாப்பாட்டுச் செலவு கூடுகிறது. பசியே இல்லாத பலசாலியின் கதை எப்படி இருக்கும் என்று அறிய விளையாட்டுத் தேவையில்லை. 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தவர்கள் யாரும் அந்தப் பெரும்போகத்தில் வெறும் வயிற்றோடு படுக்கவில்லை. கந்தளாய்க் குளத்தில் தண்ணி இருந்தும் தம்பலகாமத்து வயல் மஞ்சளடித்து நின்றதை இந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். பசி தெரியாதவன் கையில் பலம் இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த வயலில் எழுதியிருந்தது. பசி கதையை இழுக்கிறதாம். பசி இழுக்கத்தான் செய்யும். 2022 இல் எங்களை எத்தனை வரிசைக்கு இழுத்தது?

இப்போது மற்றக் கட்சி. பசிதான் செய்தது, நான் இல்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய கோபம்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். சொன்னவர்கள் யார் என்று தெரியாது, ஆனால் அது ஏழைகள் மேல் போட்ட பழி என்று எங்களுக்குப் படுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய 195 ரூபா. அந்த மாதங்களில் பகல் சாப்பாடு இல்லாமல் வகுப்பில் இருந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். கொண்டுவந்த பார்சலை இரண்டாகப் பிரித்த பிள்ளைகளையும் தெரியும். பத்தும் பறக்கவில்லை. நாங்கள் கண்ணால் பார்த்தோம், பறக்கவில்லை. பசித்தவன் எல்லாம் கழுத்தைக் கடிக்கிறவன் என்று சொல்லும் விதி, அந்தப் பார்சலைப் பிரித்த பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது.

அதற்காகப் பசிக்குக் கனமே இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. குர்ஆனில் செத்த பிராணி, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுத்தது என்று விலக்கிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வழியில்லாமல் நிர்ப்பந்திக்கப்பட்டவர் மேல் குற்றமில்லை என்று வருகிறது. ஆனால் அவர் விரும்பிச் செய்யக் கூடாது, அளவு மீறவும் கூடாது. கவனித்தீர்களா, அந்தப் பட்டியலில் இரத்தமும் இருக்கிறது. ஹராமான ஒன்றைத் தவிர வேறு உணவே இல்லாத ஒருவன் எப்படி அளவோடு இருப்பது? இந்த விளையாட்டின் கேள்வி இதுதான். இதை ஃபிக்ஹ் வகுப்பில் கேட்டால் நல்ல கேள்வி, விறாந்தையில் கேட்டால் ஷைத்தானா?

உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 18 பஞ்சத்தில் திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்ததைப் பலமுறை குத்பாவில் கேட்டிருக்கிறோம். அவ்வளவாகச் சொல்லப்படாத இன்னொன்று முவத்தாவில் இருக்கிறது. ஒருவரின் அடிமைகள் சேர்ந்து இன்னொருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். உமர் விசாரித்தார். முதலாளி அவர்களைப் பட்டினி போட்டிருப்பதாகக் கண்டார். ஒட்டகத்தின் பெறுமதி 400 திர்ஹம். முதலாளியை 800 கொடுக்க வைத்தார். அங்கே யாரும் 'பசி திருடியது' என்று எழுதி வழக்கை மூடவில்லை. திருடியவர்கள் திருடினார்கள். பட்டினி போட்டவன் பட்டினி போட்டான். இரண்டுக்கும் ஆள் இருந்தது.

இதிலிருந்துதான் எங்கள் வீட்டு விதிகள் பிறந்தன. கட்டை உருட்டுவதைப் பற்றிய முறைப்பாடும் அப்போதுதான் வந்தது. பள்ளி நிர்வாகத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்து, மென்மையாகச் சொன்னார்: "மாஸ்டர், கதை பேசுறது பரவாயில்ல, கட்டைதான் எனக்குச் சரியாப் படல்ல." வொய்ஸ் போடவில்லை, வந்தார். அல்லாஹ் அவருக்கு நல்ல ஆயுளைக் கொடுக்கட்டும். நர்த் விளையாட்டைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது, பணம் வைக்காவிட்டாலும் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் யோசனையில் தங்கிய விளையாட்டையும் தற்செயலில் தங்கிய விளையாட்டையும் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். நாங்கள் வாதாடப் போகவில்லை. கட்டையைத் தூக்கி அலுமாரியில் வைத்தோம். (அதே கிழமை தேத்தண்ணிக் கடை வாசலில் நாலு பேர் போனில் லூடோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டை கண்ணாடிக்குள் உருண்டால் ஹலால் போலும்.)

கொழும்பில் இதே விளையாட்டை விளையாடும் ஒரு பழைய மாணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். கட்டை இல்லாமல் என்ன விளையாட்டு என்று. அவருக்கும் சொல்கிறோம், வாம்பயர் வந்த அதே 1991 இல் எரிக் வுஜ்சிக் என்பவர் அம்பர் என்ற விளையாட்டைக் கட்டையே இல்லாமல் வெளியிட்டுவிட்டார். இது முல்லாக்கள் கண்டுபிடித்த குறை அல்ல.

எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிப்பதால் கணக்கு இலகுவாக இருந்தது. புத்தகப்படி ஒவ்வொரு இரவும் எழும்பும்போதும், பலம் பாவிக்கும்போதும் ஒரு கட்டை உருட்ட வேண்டும். 6 முதல் 10 வரை விழுந்தால் தப்பு, 1 முதல் 5 வரை விழுந்தால் பசி ஒன்று கூடும். சரிபாதி. ஆகவே இரண்டு தடவைக்கு ஒன்று. அதையே எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொரு சிரட்டை. எழும்பினாலோ பலம் பாவித்தாலோ மேசையில் வெண்கட்டியால் ஒரு கோடு. இரண்டு கோடு சேர்ந்தால் அழித்துவிட்டுச் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை. ஐந்து கொட்டையோடு சிரட்டை நிறைந்தது என்று அர்த்தம்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையில் எவ்வளவு திறமை என்று எண் இருக்கிறது, வேலைக்கு எவ்வளவு கஷ்டம் என்று எண் இருக்கிறது. திறமை கூடினால் நடக்கும், குறைந்தால் நடக்காது. பசித்தவனுக்குக் கை நடுங்கும், ஆகவே சிரட்டையில் எத்தனை கொட்டையோ அவ்வளவு திறமையில் கழியும். அப்போது ஒழுங்கான வழியில் போனால் தோற்பான். ஆனால் குறுக்கு வழி ஒன்று எப்போதும் திறந்திருக்கும். அடித்துப் போட்டுவிட்டுப் போகலாம், கடிக்கலாம், பிள்ளையைப் பயமுறுத்தலாம். குறுக்கு வழி ஒருநாளும் தோற்காது. இருபக்கமும் இருப்பவர்கள் அவனுடைய நஃப்ஸாக மாறி, கொட்டைக்கு ஒன்று என்று அந்த வழிகளைக் காதில் ஓதுவார்கள். எங்கள் பிள்ளைகள் இதில் பயங்கரத் திறமைசாலிகள், பயமாக இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் வாயால் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றோ, செய்கிறேன் என்றோ.

இப்போது வித்தியாசம் விளங்கியிருக்கும். முன்னர் கட்டை உருண்டது, வாச்சர் செத்தார், கையை விரித்தோம். இப்போது வாச்சர் சாக வேண்டுமென்றால் ஒரு பொடியன் மற்ற ஏழு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "நான் கொல்றேன்" என்று சொல்ல வேண்டும். 'பசி செஞ்ச' என்ற சொல் மேசையில் தடை. "பசியோட இருந்தன், நான்தான் செஞ்சன்" என்று சொல்லலாம். வாச்சரின் பெயரையும் சொல்ல வேண்டும். பெயர் கேட்காமல் யாரையும் தொட முடியாது என்பது அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியால் வந்த விதி.

இந்த விதி வந்து நான்கு வெள்ளி ஓடிவிட்டது. கொலை ஒன்றும் நடக்கவில்லை. தோல்விகள் நிறைய. மாட்டு மடுவத்தில் போய் மாட்டு இரத்தத்தால் இரண்டு கொட்டை வரை குறைக்கலாம் என்று வைத்திருக்கிறோம், ஆகவே கதையில் பாதி நேரம் மடுவத்தின் பின் சுவரில்தான் கழிகிறது. ஒருவர் ஆஸ்பத்திரி இரத்த வங்கியை உடைக்கலாம் என்றார். யாருக்கும் காயமில்லை, பையில் இருப்பதுதானே? அதில் ஒரு முழு மாலை போனது. அந்தப் பை யாருக்காக வைத்தது, பிரசவத்தில் இரத்தம் போகிற ஒரு தாய்க்கா, அவளுக்கும் பெயர் இருக்குமா. கடைசியில் உடைக்கவில்லை. இலங்கையில் 2014 முதல் இரத்தம் முழுக்க முழுக்க விரும்பிக் கொடுப்பவர்களிடமிருந்துதான் வருகிறது, காசுக்கு ஒரு துளியும் இல்லை என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த இரத்ததான முகாமில் இவர்களில் நான்கு பேர் போய்ப் படுத்தார்கள். இரத்தம் குடிக்கிற பொடியன்மார் என்று வொய்ஸில் சொன்னீர்களே, அவர்கள்தான்.

எட்டில் சேராத ஒருவர் என்று சொன்னோம். எங்கள் மகள். ஓ/எல் வகுப்பு. அவள் மேசையில் இருப்பதில்லை, ஏன் என்று உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிப்போம். உள்ளே அறைக் கதவோரம் இருந்து பாடம் செய்வது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். விதி எல்லாம் முடித்துவிட்டோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அன்று உள்ளிருந்து ஒரு குரல்: "அஞ்சு கொட்டையோட ஒருத்தன் பக்கத்துல இருக்கும்போது மத்த ஆக்கள் சும்மா இருந்தா அவங்களுக்கு ஒண்டும் இல்லையா?"

யாரும் பேசவில்லை. உமர் (ரலி) கதையைச் சொன்னது நாங்கள், அதை விதியாக்கியது அவள். இப்போது ஒருவனின் சிரட்டை நிறைந்திருக்க, அவனுக்கு உதவ முடிந்தும் உதவாமல் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு விழும். அவன் குறுக்கு வழியில் போய் என்ன செய்தாலும் அதில் பங்கு. விளைவு என்னவென்றால், ஆறு பேரும் தன் சிரட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவனின் சிரட்டையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "டேய் உனக்கு நாலு. நீ முதல்ல மடுவத்துக்குப் போ, நான் காவல் நிக்கிறேன்." இப்படி ஒரு பேச்சை இந்த மேசையில் முன்னர் நாங்கள் கேட்டதில்லை.

இனி வொய்ஸ் போட்ட சகோதரருக்கு.

2011 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? அதுவும் நோன்பு மாதம். மர்ம மனிதன், கிறீஸ் மனிதன், கிறீஸ் பூதம் என்று ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு பெயர். பொம்பளைகளின் உடம்பைக் கீறி இரத்தம் எடுக்கிறானாம். தராவீஹுக்குப் பெண்கள் போகப் பயந்தார்கள், ஆண்கள் பொல்லோடு விடிய விடிய முழித்தார்கள். கிண்ணியாவில் சனம் திரண்டு கடற்படை முகாமோடு மோதி, பலர் கைதானார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையால் கொல்லப்பட்டார். அந்த இரவுகளில் ஓடியவர்கள் யார், ஏன் ஓடினார்கள் என்பதில் எங்களுக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அது வெறும் கற்பனை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் வந்த தெரியாத பொடியனை எல்லாம் பூதம் என்று அடித்த அடி கற்பனை அல்ல. அன்று வட்ஸ்அப் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் வாயும் மட்டும்தான். இன்று உங்களிடம் வொய்ஸ் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இது நடந்தது. 1979 இல் ஒரு பல்கலைக்கழக மாணவன் காணாமல் போனதும் அவன் விளையாடிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அவனுடைய மனதில் இருந்த கஷ்டத்தைப் பற்றி எழுதுவதை விட அது இலகுவாக இருந்தது. 1983 இல் மகனை இழந்த ஒரு தாய் விளையாட்டுக்கு எதிராக இயக்கமே தொடங்கினார். அவர் துக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பிள்ளை எதனால் வாடுகிறான் என்று பார்க்க வேண்டிய நேரத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பகுதியிலும் அப்படித்தான். ஏ/எல் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் சும்மா நிற்கும் பொடியன்மாரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஐஸ் எங்கே விற்கிறது என்று இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வொய்ஸ் வந்ததா? அந்தப் பசிக்கு ஒரு தரம் வாயை வைத்தவன் ஐந்து கொட்டையில்தான் நிற்பான். உம்மாவின் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டு "நான் இல்ல, அது செஞ்ச" என்றுதான் சொல்வான். எங்கள் மேசையில் ஆறு பேர் வெள்ளிக்கு வெள்ளி அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கப் பழகுகிறார்கள். நீங்கள் அந்த மேசையைத்தான் தூக்கச் சொல்கிறீர்கள்.

ஏன் காட்டேரி, ஸஹாபாக்களின் கதையை விளையாடக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. அவர்களாக நடிக்க எங்களுக்கு அருகதை இல்லை, மார்க்கமும் அதை விரும்பாது. கெட்டவனாக நடிப்பதற்குத்தான் எங்களுக்குத் தகுதி இருக்கிறது.

வரும் வெள்ளி அஸர் தொழுகை முடிந்ததும் வழக்கம்போல் விறாந்தையில் இருப்போம். மஃரிபுக்கு முன் முடியும். புத்தகமும் கட்டையும் அலுமாரியில், மேசையில் சிரட்டையும் புளியங்கொட்டையும் வெண்கட்டியும் மட்டும். யாரும் வந்து பார்க்கலாம், நிர்வாகத்தினரும் மௌலவிமாரும் பெற்றோரும். வொய்ஸ் போட்ட சகோதரருக்கு ஒரு சிரட்டை தனியாக வைத்திருக்கிறோம். முதல் நாள் என்பதால் ஒரு கொட்டையோடு தொடங்கலாம்.

வஸ்ஸலாம்.